டில்லி உட்காரவில்லை

ஆஸ்வால்ட் மறுபடியும் விசிலை ஊதினார். அவருடைய நாய் டில்லி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பெரணிப் புதர்களுக்குள் அதன் வால் நுனி மட்டும் துடித்துக்கொண்டே போனது. புதர் முடிகிற இடத்தில் நாலைந்து ஃபெசன்ட் காட்டுக்கோழிகள் படபடவென்று எழுந்து, துப்பாக்கிக்கு எட்டாத தூரத்தில் ஓடையைத் தாண்டிப் பறந்தன.

வரும் சனிக்கிழமை பருவத்தின் முதல் வேட்டை. இந்த எஸ்டேட்டில் வேட்டைப் பறவைகளை வளர்த்துக் காக்கும் காவலராகவே வாழ்ந்து ஓய்வு பெற்றவர் அவர். புதரிலிருந்து பறவைகளைக் கிளப்பிவிடும் வரிசையின் நடுவில் எப்போதும் அவருடைய ஸ்பானியல் நாய்தான் போகும். இந்த முறை ஊரே பார்த்துச் சிரிக்கப் போகிறது.

குட்டியாக இதைத் தேர்ந்தெடுத்ததும் அவர்தான். போன வருடக் கோடையில், நாய் வளர்த்து விற்கும் மார்ஜரி மில்பர்னின் கொட்டகையில், தகர வாளியின் மூடியை வேண்டுமென்றே கீழே போட்டார். மற்ற குட்டிகளெல்லாம் தாயின் வயிற்றுக்கடியில் ஓடி ஒளிந்தன. இது மட்டும் மூடியை முகர்ந்து பார்க்க வந்தது. இது பிடிவாதக்காரி, வேறு எடு என்றாள் மார்ஜரி. நாய் பார்க்க எனக்குச் சொல்லித்தராதே என்று அவர் டில்லியைக் கோட்டுக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

அவசரப்படாமல் பழக்கினார். முதலில் சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்காரவைத்தார். பிறகு முயல் தோல் சுற்றிய பொதியை எறிந்து, எடுத்துவரச் செய்தார். துப்பாக்கிச் சத்தத்தைத் தூரத்து வயலில் தொடங்கி, வாரத்துக்குக் கொஞ்சமாகக் கிட்டே கொண்டுவந்தார். ஒருநாளும் கை ஓங்கியதில்லை. இந்தக் கோடையில், நீளமாக ஓர் ஊதல் ஊதினால், முயலைத் துரத்துகிற ஓட்டத்திலும் அப்படியே தரையில் குந்திவிடும்.

இந்த மாதம் எல்லாம் போயிற்று.

அவருக்கு நாயின் மேல் மட்டும் கோபமில்லை. மனைவி நெல், சாப்பாட்டு மேசையில் வார்த்தைகளை வாய்க்குள்ளேயே மென்று விழுங்குகிறாள். வாயைத் திறந்து பேசு என்றால் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போகிறாள். மதுக்கடையில் இவர் நுழைந்தாலே கூட்டாளிகள் குரலைத் தாழ்த்துகிறார்கள். அங்கே போவதையே விட்டுவிட்டார். இப்போது நாயும் அவமதிக்கிறது.

காலையில் மார்ஜரிக்குப் போன் செய்து, உன் நாய்களின் ரத்தமே சரியில்லை, வந்து திருப்பி எடுத்துப் போ என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டார்.

டில்லி ஈர மூஞ்சியோடு, நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு, ஏதோ சாதித்ததுபோல ஓடிவந்தது.

அவர் தோல்வாரால் அதன் முதுகில் ஓங்கி ஓர் அடி அடித்தார்.

அது கத்தவில்லை. வயிறு தரையில் உரச நகர்ந்து, கொஞ்சம் தள்ளி நின்று அவரைப் பார்த்தது. பிறகு புதர்ப்பக்கம் ஓடியது.

வேலிக்கதவருகே வேனை நிறுத்தியிருந்த மார்ஜரி அதைப் பார்த்துவிட்டாள். சேற்றில் பூட்ஸ் புதைய விடுவிடுவென்று நடந்து வந்தாள். கன்னம் இரண்டும் சிவந்திருந்தன. வரும்போதே ஏதோ சொல்லிக்கொண்டு வந்தாள்.

அவர் கேட்கிற நிலையில் இல்லை. பார், நீயே பார் என்று சொல்லி விசிலை வாயில் வைத்து, கழுத்து நரம்பு புடைக்க ஊதினார். டில்லி ஓடிக்கொண்டே இருந்தது.

மார்ஜரி அவர் வாயையே வெறித்துப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த கோபம் எங்கோ தடுக்கியதுபோல நின்றது.

அவள் தன் கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து ஊதினாள்.

டில்லி இருந்த இடத்திலேயே குந்தியது. காதுகள் இரண்டும் விடைத்திருந்தன.

ஆஸ்வால்டுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. “உன் பேச்ச மட்டும் கேக்குது பாத்தியா? எவ்வளவு ஊதுறேன், எனக்குன்னா மதிப்பே இல்ல.”

 அவள் அவர் கையிலிருந்து விசிலைப் பிடுங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். பக்கவாட்டில் ஒரு விரிசல், நகத்தை நுழைக்கலாம்போல. அதை அவர் கண்ணுக்கு நேரே நீட்டினாள். பிறகு கிட்டே வந்து, அவர் காதில் வாயை வைத்துச் சொன்னாள்.

“இதுல வெறும் காத்துதான் வருது, ஆஸ்வால்ட். சத்தமே இல்ல. அது ஒரு தப்பும் பண்ணல, அடி மட்டும் வாங்கியிருக்கு.”

அவர் விசிலைப் பறித்து ஊதினார். ஊதிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். அவள் இல்லை என்று தலையசைத்தாள். இன்னொருமுறை ஊதினார். அவள் மறுபடியும் தலையசைத்தாள்.

பிறகு அவள் தன் விசிலைக் கழற்றி அவர் கையில் வைத்தாள். அவர் அதை வாயில் வைத்து மெதுவாக, விட்டுவிட்டு ஊதினார். திரும்பி வா என்பதற்கான ஊதல் அது. ஊதியதும் சத்தம் வந்ததா இல்லையா என்று அவருக்குத் தெரியவில்லை. புதரோரம் டில்லி எழுந்து நின்றதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்.

டில்லி அவரை நோக்கி நடந்தது. பாதி வழியில் தயங்கி நின்றது. தோல்வாரைக் கீழே போட்டார். மீதித் தூரத்தையும் அது வந்தது; ஆனால் ஓடி வரவில்லை.

மார்ஜரி ஏதோ சொன்னாள். காற்று அடங்கியிருந்தது. ஓடையும் தூரத்தில்தான் இருந்தது. அவர் அவள் உதடுகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“இன்னொரு தடவ சொல்லு,” என்றார்.