பாகற்கொடியின் உச்சிவெயில் சமையல்

கிட்ட வந்து உட்காருங்க. காலை மடக்கிக்கிட்டா எல்லாருக்கும் இடமிருக்கு.

பந்தலில் ஒரு பாகற்கொடி. அதன் மேலே ஓர் அகன்ற இலை, கீழே ஒரு சின்ன இலை, நடுவில் நேற்றுப் பிடித்த பிஞ்சு. சமையல் இலைகளுடைய வேலை. வேர் அனுப்புகிற தண்ணியையும், வாயைத் திறந்து இழுக்கிற காற்றையும் வெயிலில் வைத்துச் சர்க்கரையாக்கும்.

அன்றைக்கு வெயில் கொளுத்தியது. "இன்னைக்கு ரெட்டைச் சமையல்!" என்று மேலிலை வாயை அகலத் திறந்தது. அந்த வாய் வழியாகவே தண்ணியெல்லாம் ஆவியாகப் போனது. பிஞ்சு துவண்டு தொங்கியது.

"அக்கா, வாயை மூடு. தண்ணி போகுது," என்றது சின்ன இலை.

"நிழல்ல கிடக்குற உனக்கு அடுப்பைப் பத்தி என்னடி தெரியும்?"

"சரிக்கா, நீதான் பெரிய சமையல்காரி. பிஞ்சு பசியில வாடுது. ஆக்கினதுல ஒரு வாய் குடேன்."

மேலிலை சட்டியைத் தடவிப் பார்த்தது. வெயில் இருந்தது, காற்றும் இருந்தது. தண்ணியில்லாமல் ஒன்றுமே வேகவில்லை. வாயை மூடிக்கொண்டது.

வேர் மிச்சமிருந்த ஈரத்தை மேலே அனுப்பியது. சின்ன இலை தன் வாயையும் இறுக மூடிக்கொண்டு, அதைப் பிஞ்சுக்குப் போக விட்டது.