நுவரெலியா வீட்டு உறுதி

“இந்த யன்னலாலை பாத்தாக் குளம் தெரியும், தம்பி. விடியக் காலமை பனி அப்பிடியே வாசலுக்கு வந்து நிக்கும்.”

செபநாயகம் வீட்டின் படத்தை, அதை வாங்கப் போகிற கந்தப்புவின் பக்கம் தள்ளினார். கண்ணாடி யன்னல்கள், தகரக் கூரை, புகைபோக்கி, முற்றம் நிறைய ரோசாச் செடிகள். நுவரெலியாவில் அந்த வீட்டை வாங்கி இருபத்திரண்டு வருடம் வாழ்ந்த மனிதர் இவர்தான் என்று சொன்னால், இன்று அவருடைய சட்டையைப் பார்த்து யாரும் நம்பமாட்டார்கள்.

“நாலு அறை. உள்ளுக்கையே நெருப்பு மூட்டிக் குளிர் காயலாம்.” வாய் சொல்லிக்கொண்டே போனது. 

ஆனால் அந்த வீடு இப்போது இல்லை. எண்பத்து மூன்று ஆடி இனக்கலவரத்தில் எரித்துவிட்டார்கள். படத்தையும் வீட்டு உறுதிப் பத்திரத்தையும் மடியில் கட்டிக்கொண்டு, மனைவி மக்டலீனோடு அகதிக் கப்பலில் காங்கேசன்துறையில் வந்து இறங்கியவர் அவர். வீடு பூட்டிக் கிடக்கிறது என்றுதான் இந்த மூன்று வருடமும் எல்லோரிடமும் சொல்லி வந்தார். முதலில் அது மானத்துக்காகச் சொன்ன பொய். இப்போது மக்டலீனுக்காக.

மக்டலீனுக்கு இருதய வருத்தம். இந்த மாதத்துக்குள் இந்தியாவுக்குக் கொண்டுபோய் ஒப்பறேசன் செய்யாவிட்டால் ஆள் தப்பாது என்று டாக்குத்தர் கையை விரித்துவிட்டார். விற்பதற்கு அவரிடம் மிஞ்சியிருந்தது அந்த உறுதி மட்டும்தான்.

கோப்பாய்க் கந்தப்பு தோட்டப் பயிர் செய்கிறவர். யாழ்ப்பாணத்தில் காணி வாங்குகிறவர் எவரும் முதலில் கிணற்றைத்தான் விசாரிப்பார், நல்ல தண்ணியா உவர்த் தண்ணியா என்று. இவர் கிணற்றைக் கேட்கவில்லை. கூரை ஒழுகுமா, பூட்டின் திறப்பு யாரிடம் இருக்கிறது, ஒன்றும் கேட்கவில்லை.

“வீட்டு இலக்கம் என்ன அண்ணை? றோட்டின்ரை பேர்? அந்தப் பகுதியிலை விலாசத்துக்குக் கடிதம் குடுக்கிற விதானையார் ஆர்?” இரண்டு கிழமைக்கு முன், முதல் பேச்சில் அவ்வளவுதான் கேட்டிருந்தார்.

மனிதர் படத்திலேயே மயங்கிவிட்டார் என்று நினைத்துச் செபநாயகம் மாதாவுக்கு நன்றி சொன்னார். பொய்க்கு மாதா உதவுவாளா என்று யோசிக்க அவருக்கு அவகாசம் இல்லை.

பத்திரம் எழுதக் கந்தப்பு வீட்டுக்கு வந்திருந்த நொத்தாரிசு நமசிவாயம் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு உறுதி எழுதத் தொடங்கினார். நாலு பக்கத்து எல்லையும் எழுதி முடிந்தது. விற்பவர் பெயரும் முடிந்தது. பேனை வாங்குபவர் பெயருக்கு வந்தது.

அந்த நேரம் பார்த்துக் கந்தப்புவின் மகள் தேத்தண்ணியோடு வந்தாள். இருபது வயது இருக்கும். “குடியுங்கோ மாமா,” என்று நீட்டினாள்.

செபநாயகம் அவளை நிமிர்ந்து பார்த்தார். குமர்ப்பிள்ளை இருக்கிற இடத்தில் தகப்பன் வேறு எதற்கு வீடு வாங்குவான்? சீதனத்துக்குத்தான். நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் நுவரெலியாவுக்குப் போவார்கள், கரிச்சுவரைப் பார்ப்பார்கள். இந்தப் பிள்ளையைத் திருப்பிக் கொண்டுவந்து வாசலில் விட்டுவிட்டுப் போவார்கள்.

தலையணைகளை அடுக்கிச் சாய்ந்துகொண்டு மூச்சுக்குத் தவிக்கிற மக்டலீன் நினைவுக்கு வந்தாள். பேசாமல் கையெழுத்தை வைத்துவிட்டுப் போ என்று மனம் கெஞ்சியது. தேத்தண்ணியைக் குடிக்காமல் கீழே வைத்தார்.

“எழுதாதேங்கோ ஐயா!”

நொத்தாரிசு திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

“வீடு இல்லைத் தம்பி. எரிச்சுப்போட்டாங்கள். வெறும் சுவர்தான் நிக்குது. மனிசி சாகக் கிடக்கிறாள், அதாலை பொய் சொல்லிப்போட்டன். உம்மடை பிள்ளையின்ரை வாழ்க்கையைக் கெடுக்க எனக்கு மனம் வரேல்லை.” செபநாயகம் முகத்தைப் பொத்திக்கொண்டு விக்கி விக்கி அழுதார். இனி மக்டலீனுக்கு வழியில்லை என்பது அவருக்குத் தெரிந்தது.

கந்தப்பு கோபிக்கவில்லை. மகளை உள்ளே போகச் சொன்னார். எழுந்து போய்த் தெருக்கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“எரிஞ்சது எனக்குத் தெரியும் அண்ணை. போன கிழமை போய் என்ரை கண்ணாலை பாத்திட்டுத்தான் வந்தனான்.”

செபநாயகம் கண்ணைத் துடைக்கவும் மறந்து அவரைப் பார்த்தார். கந்தப்பு நொத்தாரிசின் பக்கம் திரும்பினார். 

“கொழும்பிலை படிக்கிற என்ரை மகன்ரை பேரிலை எழுதுங்கோ ஐயா. அங்கை ஆமிக்காரர் அட்டையிலை இருக்கிற ஊரைப் பாத்துத்தான் பெடியளைப் பிடிக்கிறாங்கள். அவன்ரை அடையாள அட்டையிலை யாழ்ப்பாண விலாசம் இருக்கக் கூடாது.”