கெண்டைக்கால்

எழுந்து நடக்க வேண்டும். எழவில்லை.

விமானம் ஏறி ஐந்து மணி நேரம் ஆகிவிட்டது. ஜன்னலோரம். லண்டன் குளிருக்கு வாங்கிய நீளக் கோட்டை இன்னும் கழற்றவில்லை. உள்ளே வியர்த்துக் கொட்டுகிறது.

கோட்டுக்குள் முப்பத்தேழு வாரம்.

முப்பத்தாறுக்கு மேல் ஏற்ற மாட்டார்கள். அவள் கைப்பையில் இருக்கும் டாக்டர் கடிதம் பழையது. ஏழாம் மாதம் வைத்திருந்த வளைகாப்பு, மாமனார் வீட்டுச் சாவுத் தீட்டால் ஒன்பதாம் மாதத்துக்குப் போனது. வளைகாப்பு முடியாமல் தாய்வீட்டுக்கு அனுப்புவதாவது? மாமியார் ஒரே பிடியாக நின்றார். சடங்கு முடியும்வரை வாரக் கணக்கு யாருக்கும் நினைவில்லை. அவளுக்கு இருந்தது. வாயைத் திறக்கவில்லை.

விமான நிலையத்தில் கணவன் காதருகே குனிந்து சொன்னான்.

"சீட்ட விட்டு எழுந்துக்காத. வயித்தப் பாத்துட்டாங்கன்னா வழியிலயே எங்கயாவது எறக்கி விட்ருவாங்க."

டாக்டர் தவமலர் சொல்லியிருந்ததோ நேர்மாறாக. யாழ்ப்பாணத்துக்காரர். பொறுமையாக, வரைந்து காட்டி விளக்குவார். கர்ப்பத்தில் இரத்தம் சீக்கிரம் உறையும். ஒரே இடத்தில் உட்கார்ந்தால் காலில் கட்டிக்கொள்ளும். கட்டி நுரையீரலுக்கு ஏறினால் உயிருக்கே ஆபத்து. மணிக்கொரு தடவை நடக்க வேண்டும். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். காலை இறுக்கிப் பிடிக்கும் உறை போட வேண்டும்.

உறை கறுப்பு. வளையல் போட்ட பெண் கறுப்பில் வாசல் தாண்டக் கூடாதாம். மாமியார் அதை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். பெட்டி விமானத்தின் வயிற்றில் பத்திரமாக இருக்கிறது.

தண்ணீர் குடித்தால் கழிவறைக்குப் போக வேண்டும். குடிக்கவில்லை.

கையை அசைத்தால் வளையல் சத்தம். இரண்டு கைகளையும் கோட்டுக்குள் நுழைத்துக்கொண்டாள். பணிப்பெண் தண்ணீர் நீட்டியபோது தூங்குவதுபோல் கண்ணை மூடினாள்.

பாதத்தையாவது ஆட்டலாம். ஆட்டினாள். கொஞ்ச நேரம். பிறகு உண்மையாகவே தூங்கிவிட்டாள்.

விழித்தபோது இடது கெண்டைக்கால் வலித்தது.

மரத்துப் போயிருக்கும் என்று நினைத்தாள். அப்படி நினைக்கத்தான் அவளுக்கு விருப்பம்.

வயிற்றுக்குள் குழந்தை புரண்டது. இன்னும் மூன்று மணி நேரம்தான், இன்னும் இரண்டு, என்று அதனிடம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

சென்னையில் எல்லாரும் இறங்கிய பிறகு இறங்கினாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. யாரும் எதுவும் கேட்கவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று ஒரு நிமிடம் தோன்றியது. நொண்டி நொண்டி வெளியே வந்தாள்.

கம்பித் தடுப்புக்கு அப்பால் அம்மா. ஒன்றரை வருடம் கழித்துப் பார்க்கிறாள். கட்டிக்கொண்டு அழுதாள்.

காரின் பின் இருக்கையில் அம்மா அவள் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டினாள். இடது கால் மட்டும் பருத்து, சிவந்து, மினுமினுத்தது.

"நீர் எறங்கியிருக்குடி. பத்து மணி நேரம் தொங்கப் போட்டா எறங்காதா? உருவி விட்டா வடிஞ்சிரும்."

பிள்ளைத்தாச்சிகளுக்குக் கால் உருவ அம்மாவைத்தான் தெருவே கூப்பிடும். கைப்பையில் எண்ணெய்கூட எடுத்து வந்திருந்தாள். கட்டைவிரல்கள் கணுக்காலில் ஊன்றி, அழுத்தி, மேல்நோக்கி ஏறின.

வலித்தது. இதமாகவும் இருந்தது. ஒன்றரை வருடமாக யாரும் அவளை இப்படித் தொடவில்லை.

அதனால்தானோ என்னவோ, டாக்டர் கடைசியாகச் சொன்னது தாமதமாக நினைவுக்கு வந்தது.

ஒரு கால் மட்டும் வீங்கினால் உருவ விடாதேங்கோ, கட்டி கழண்டு மேலே ஏறிவிடும். நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கோ.

"விடும்மா," என்றாள்.

"சித்த பொறு. மொதல்ல வலிக்கத்தான் செய்யும்."

காலை இழுக்கப் பார்த்தாள். அம்மாவின் பிடி பலமான பிடி. கணுக்காலிலிருந்து முழங்கால் வரை. மறுபடியும். இன்னும் அழுத்தி.

"இப்ப எப்படி இருக்கு?" அம்மா சிரித்துக்கொண்டே நிமிர்ந்தாள்.

பதில் சொல்ல மூச்சு வேண்டியிருந்தது.