இரண்டு சொட்டு எண்ணெய்

மறுபடியும் கத்தியது.

அவள் கட்டிலுக்கு முன்னால் சப்பணம் கட்டி உட்கார்ந்து அதை முறைத்தாள்.

அவள் குடியிருக்கிற பழைய கேம்பர் வண்டியின் ஹீட்டர் அது, கட்டிலுக்குக் கீழே இருந்தது. காஸில் எரியும். எரிவதில் குறையில்லை. சூட்டை உள்ளே தள்ளுகிற காற்றாடிதான் பிடிபட்ட கோழி போலக் கத்தியது.

காலை ஒன்பது மணி. பதினொரு மணிக்கு மகன் வருவான்.

செவ்வாய்க்கிழமை அவனோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தபோது அது கத்தித் தொலைத்ததுதான் வினை.

"உதென்ன சத்தம் அம்மா? வெடிச்சுக் கிடிச்சுப் போகப்போகுது. சனிக்கிழமை வாறன். உடுப்பெல்லாம் அடுக்கி வையுங்கோ. இந்தக் குளிருக்கு அங்க இருக்கேலாது."

அவள் ஒன்றையும் அடுக்கவில்லை.

பிரதீபன் கெட்ட பிள்ளை இல்லை. அதுதான் கஷ்டம். கெட்டவனாக இருந்திருந்தால் ஒரு சண்டையோடு முடிந்திருக்கும்.

அவன் வீட்டு பேஸ்மென்டில் ஆறு வருடம் இருந்தாள். நல்ல கட்டில். பெரிய டிவி. ஆனால் வீட்டுச் சூட்டைக் கூட்டுவதும் குறைப்பதும் அவனுடைய தொலைபேசியில் இருந்தது. கால் விறைத்தால் படியேறிப் போய்ச் சொல்ல வேண்டும். சொன்னால் உடனே கூட்டுவான். உடனேதான்.

ஆனால் சொல்ல வேண்டும்.

கருவாடு பொரிப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

இந்த வருடம் வசந்தம் வந்ததும் இந்த வண்டியை வாங்கினாள். மகனைவிட இரண்டு வயதுதான் இளையது. இப்படியான வண்டிகள் நிற்கிற ஏரிக்கரை முகாமொன்றில் வருடம் முழுவதும் நிறுத்த இடம் பிடித்தாள். "அகதி முகாமில இருந்து வந்த மனுசி திரும்பவும் முகாமுக்குப் போகுது" என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

பிரதீபன் இதுவரை நாலு முறை வந்திருக்கிறான். நாலு முறையும் சப்பாத்தோடு உள்ளே ஏறினான். வண்டிதானே. வண்டிக்குள் ஏற யார் சப்பாத்துக் கழட்டுவார்கள்?

அவன் போன பிறகு அவள் தரையைத் துடைத்தாள். நாலு முறையும்.

திரும்பிப் போக மாட்டாள். செத்தாலும் மாட்டாள்.

காஸைப் பூட்டினாள். ஹீட்டருக்குப் போகிற மின்சாரத்தை நிறுத்தினாள். ஸ்குரூக்களைக் கழற்றி, காற்றாடியை மோட்டரோடு வெளியே இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

விரலால் சுற்றிப் பார்த்தாள். பசை போல இழுத்தது.

புதன்கிழமை அவளே இதற்கு எண்ணெய் விட்டிருந்தாள். அன்று மாலை சத்தம் நின்றது. தன்னை மெச்சிக்கொண்டு தூங்கப் போனாள். விடிந்தபோது முன்னைவிட மூன்று மடங்கு கத்தியது.

ஜன்னலோரம் அந்த எண்ணெய்ப் போத்தல் நின்றது. தேங்காயெண்ணெய். அடியிலிருந்து கழுத்து வரை வெள்ளையாகக் கட்டிப்போயிருந்தது.

அவளுக்கு விளங்கிவிட்டது.

கனடாவில் முப்பத்தைந்து பனிக்காலம் கழித்தவள். தலைக்கு வைக்க ஒவ்வொரு பனிக்காலமும் இதே போத்தலைச் சுடுதண்ணீரில் நிறுத்தி உருக்கியவள். அதைப் போய் இந்தக் குளிரில் ஓர் இயந்திரத்துக்கு விட்டிருக்கிறாள்.

பிள்ளையாருக்குப் போடுகிற மாதிரித் தலையில் இரண்டு குட்டுப் போட்டுக்கொண்டாள்.

தலை காயவைக்கிற ட்ரையரால் மோட்டருக்குச் சூடு காட்டினாள். எண்ணெய் உருகிக் கசிந்தது. பழைய பருத்திச் சேலைத் துண்டால் துடைத்தாள். மறுபடி காட்டினாள். மறுபடி துடைத்தாள். துணி கறுப்பாக வந்தது. பிறகு கறுப்பும் வரவில்லை.

தையல் பெட்டியைத் திறந்தாள்.

உடுப்புத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் தைத்தவள். மெஷின் கத்தினால் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும் என்பது அங்கே சட்டம். கூப்பிட்டால் மதியத்துக்கு மேல்தான் வருவான். அதனால் எல்லாப் பெண்களின் கைப்பையிலும் ஒரு சின்ன எண்ணெய்ப் போத்தல் இருந்தது. சூப்பர்வைசர் முதுகைத் திருப்பினால் இரண்டு சொட்டு. மெஷின் வாயை மூடிவிடும்.

வேலை நின்ற அன்று அட்டை, சாவி, கத்தரிக்கோல் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தாள். போத்தலைக் கொடுக்கவில்லை.

மோட்டரின் இந்தப் பக்கம் ஒரு சொட்டு. அந்தப் பக்கம் ஒரு சொட்டு.

விரலால் தட்டினாள்.

சுற்றியது. அவள் கையை எடுத்த பிறகும் சுற்றிக்கொண்டே இருந்தது.

எல்லாவற்றையும் திரும்பப் பூட்டினாள். காஸைத் திறந்து மின்சாரத்தைப் போட்டாள். சுவரில் இருந்த சூட்டு முள்ளை இருபத்திரண்டுக்குத் திருப்பினாள். பிறகு, யாரையும் கேட்காமல், இருபத்தைந்துக்கு.

ஹீட்டருக்குள் நெருப்புப் பற்றியது. மெல்லிய காற்றுச் சத்தம். அவ்வளவுதான்.

அடுப்பில் சட்டியை வைத்துக் கருவாட்டைப் போட்டாள்.

பதினொன்றுக்குக் கார் வந்து நின்றது. கதவு திறந்தது. பிரதீபன் மடித்த அட்டைப் பெட்டிகளோடு நின்றான்.

"சத்தத்தைக் காணேல்லை. நிண்டுபோச்சோ?"

அவள் அகப்பையை எடுத்தாள். கருவாட்டைப் புரட்டிப் போட்டாள்.

உள்ளிருந்து போன சூட்டில் அவனுடைய மூக்குக்கண்ணாடியில் வெள்ளையாக ஆவி படிந்தது. கழற்றித் துடைத்துப் போட்டான். மறுபடியும் படிந்தது.

படியில் கால் வைத்தான். சப்பாத்து முழுக்கப் பனிச்சேறு.

"சப்பாத்தைக் கழட்டிப்போட்டு உள்ளுக்க வா."

அவன் அவளைப் பார்த்தான். தரையைப் பார்த்தான்.

பிறகு பெட்டிகளை வெளியே ஈரப்பனியில் போட்டுவிட்டு, குனிந்து நாடாவை அவிழ்க்கத் தொடங்கினான்.