முன்கண்ணாடி

"லாரியை விட்டுத் தள்ளியே போ, செல்லப்பாண்டி. அது டயர்ல இருந்துதான் கல்லு தெறிக்கும்."

சங்கரநாராயணன் உள்ளங்கையை முன்கண்ணாடியில் அழுத்தி வைத்திருந்தார்.

புதுக் கண்ணாடி போட்ட நாளிலிருந்து அவர் பின்சீட்டில் உட்காருவதில்லை. டிரைவருக்குப் பக்கத்தில்தான். எதிரே லாரி வந்தால் போதும், கையைக் கொண்டுபோய்க் கண்ணாடியில் ஒட்டிவிடுவார். கை பட்டுக்கொண்டிருந்தால் கல் விழுந்தாலும் கண்ணாடி அதிராது, நொறுங்காது என்று ஆபீசில் யாரோ ஒரு வெள்ளைக்காரர் சொல்லியிருந்தார்.

பழைய கண்ணாடி போனது இதே ட்ராம்பே ரோட்டில்தான். நெல்லிக்காய் அளவுக் கல். ஒரே ஒரு சத்தம். மறுநொடி கண்ணாடி முழுக்க உப்பை அள்ளி அப்பினாற்போல வெளுத்துவிட்டது. செல்லப்பாண்டி முஷ்டியால் குத்தி ஓட்டை போட்டு, அதன் வழியே பார்த்து வண்டியை ஓரங்கட்டினான்.

ஃபியட்டுக்குக் கண்ணாடி கிடைப்பது அப்போது குதிரைக்கொம்பு. பம்பாயில் ட்ராம் நின்றுபோன வருஷம் வேறு. மாட்டுங்காவில் குமாஸ்தாக்கள் பார்க்க, ஆபீசர் சங்கரநாராயணன் பஸ் க்யூவில் நின்றார். அந்த அவமானம் அவருக்கு இன்னும் ஆறவில்லை. கடைசியில் கண்ணாடி வந்து சேர்ந்தபோது அவர் மனைவி ராஜலக்ஷ்மி பிள்ளைக்குச் சுற்றுவதுபோல அதற்குத் திருஷ்டி சுற்றினாள்.

கம்பி வலை மாட்டிக்கொள்ளலாம் என்று மெக்கானிக் சொன்னான். போலீஸ் வேன் மாதிரி இருக்கும், வேண்டாம் என்றுவிட்டார்.

கையைத்தான் நம்பினார்.

செம்பூர் தாண்டியதும் ரோட்டை அகலப்படுத்தும் வேலை நடந்துகொண்டிருந்தது. கருங்கல் குவியல் பாதி ரோடு வரை சரிந்து கிடந்தது. அதைச் சுற்றிப் பெண்கள் குந்தி உட்கார்ந்து ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வோர் அடிக்கும் சில்லு பறந்தது.

வேறு வழியாகச் சுற்றிப் போகலாம் என்று செல்லப்பாண்டி செம்பூருக்கு முன்பே, சயானில் சொல்லிப் பார்த்திருந்தான். நேரமாகிறது என்று அவர் கேட்கவில்லை.

பானெட்டில் 'ணங்' என்று ஒன்று வந்து விழுந்தது.

"நிறுத்து, நிறுத்து!" சங்கரநாராயணன் இரண்டு கைகளையும் கண்ணாடியில் வைத்துவிட்டார். "இறங்கிப் போய்ச் சொல்லு. நம்ம வண்டி தாண்டுற வரைக்கும் ஒருத்தியும் சுத்தியலைத் தூக்கக் கூடாது."

செல்லப்பாண்டி ஹாரன் அடித்தான். சுத்தியல் சத்தத்தில் அது யார் காதிலும் ஏறவில்லை.

"இறங்குய்யா."

இறங்கினான். வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி. தொப்பியை நெற்றி வரை இழுத்துவிட்டுக்கொண்டு போய், குவியலுக்கு எட்டவே நின்றான்.

"ஏ பாயி, தோடா ருக்கோ. சாப்கா காடி ஹை." சாரோட வண்டி, கொஞ்சம் நிறுத்துங்கள் என்று இந்தியில் சொன்னான்.

அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தது அசல் திருநெல்வேலித் தமிழ். பேச்சு சட்டென்று நின்றது. எல்லோரும் கடைசியில் உட்கார்ந்திருந்த ஒருத்தியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் நிமிர்ந்தாள். இடது கண்ணை மறைத்துத் துணிக்கட்டு. ஓரத்தில் மருந்து மஞ்சளாகக் கசிந்து காய்ந்திருந்தது. மிச்சமிருந்த கண்ணால் அவனைப் பார்த்தாள். காரைப் பார்த்தாள். உள்ளே கண்ணாடியைத் தாங்கிப் பிடித்தாற்போல உட்கார்ந்திருந்தவரையும் பார்த்தாள்.

"நிப்பாட்டுங்கட்டீ" என்றாள் மற்றவர்களிடம். "கார்க்காரவுக போவட்டும். கண்ணாடியில தெறிச்சிரப் போவுது."

சுத்தியல்கள் இறங்கின. இளவட்டப் பெண் ஒருத்தி வாயைத் திறந்து அவனிடம் என்னவோ கேட்க வந்தாள். கட்டுப் போட்டவள் அவள் தொடையில் ஒரு தட்டுத் தட்டி அடக்கினாள்.

செல்லப்பாண்டி திரும்பி நடந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

வண்டி குவியலைத் தாண்டியதும் பின்னால் சத்தம் மறுபடி தொடங்கியது. சங்கரநாராயணன் கைகளை எடுத்தார். கைக்குட்டையால் கண்ணாடியில் படிந்த வியர்வையைத் துடைத்து, சாய்ந்து சாய்ந்து பார்த்தார். ஒரு கீறல் இல்லை. முகம் தெளிந்தது.

"நம்ம பக்கத்துப் பொம்பளைங்கதான் போலிருக்கு. நீ எதுக்கு இந்தியில பேசினே?"

"தெரியல சார்."

"அந்தக் கட்டுப் போட்டவ விவரமானவ. கண்ணுல என்னவாம்?"

"ஜல்லி தெறிச்சிட்டு சார். இனிமே பார்வை கெடையாதாம்."

"அடப் பாவமே. ரோடு வேலை முடியிற வரைக்கும் நாம இப்படித்தான் வந்தாகணும். நம்ம வண்டியைக் கண்டதும் நிறுத்திடணும்னு அவகிட்டச் சொல்லி வை. அவ சொன்னா மத்தவங்க கேக்குறாங்க."

"சொல்லிருதேன் சார்."

"எப்போ சொல்லுவே? நாம திரும்புற நேரத்துக்கு அவங்க போயிருப்பாங்களே."

"வீட்டுக்குப் போயிச் சொல்லிருதேன்."

"யார் வீட்டுக்கு?"

செல்லப்பாண்டி ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எங்க வீட்டுக்குத்தான் சார். அவ எம் பொஞ்சாதி."

எதிரே லாரி ஒன்று வர, அவர் கை தானாகக் கண்ணாடிக்குப் போனது.

"அப்போ சௌகரியமாப் போச்சு" என்றார் சங்கரநாராயணன்.