டம்ளர் கட்சி

மண்டபக் கதவு முதுகுக்குப் பின்னால் சாத்தப்பட்டதும், டிரைவரக்கா நேராகச் சமையலறைக்குப் போனாள். சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டுக்கொண்டு டம்ளர் கழுவ ஆரம்பித்தாள்.

தெருவில் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருப்பதற்கு இது எவ்வளவோ தேவலை.

எந்த அமைப்பைப் பற்றிப் பேச்சோ, அந்த அமைப்பின் ஆட்கள் வெளியே போய்விட வேண்டும். சங்கங்களும் சின்னக் கட்சிகளும் சேர்ந்த கூட்டணியின் பழைய விதி அது. இன்று பேச்சு அவளுடைய அமைப்பைப் பற்றி.

சூழல் சோஷலிச வட்டம் என்று பெயர். மொத்தம் நாலு பேர். ஒரே குடைக்குள் அடங்கிவிடுகிற கட்சி. மற்ற மூவருக்கும் இன்று வேலை, பஸ்ஸை டெப்போவில் விட்டுவிட்டு இவள் மட்டும் வந்திருந்தாள்.

அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை. முன்பொரு கூட்டத்தில், ஒருமுறை குடித்துவிட்டு எறிகிற கப்பில் டீ கொடுக்கக் கூடாது என்று நாலு பேரும் ஒற்றைக்காலில் நின்றார்கள். அப்படியானால் நீங்களே கழுவுங்கள் என்று கூட்டணி கையைக் கழுவிவிட்டது. கழுவினார்கள். அன்றிலிருந்து டம்ளர் கட்சி.

இன்றைய தீர்மானம் சாய ஆலைச் சங்கத்தினுடையது. கூட்டணியிலேயே பெரிய சங்கம். பத்துப் பேர்கூட இல்லாத அமைப்புக்கு இனி ஓட்டுக் கிடையாது என்பது தீர்மானம். அப்படி ஒரே ஒரு அமைப்புதான் இருந்தது. பெயரை மட்டும்தான் எழுதவில்லை.

ஓட்டுப் போனால், தேர்தல் அறிக்கையில் அவர்கள் மல்லுக்கட்டிச் சேர்த்த ஒரே வரியும் போய்விடும். ஆலைக் கழிவு ஆற்றில் கலக்கக் கூடாது, அதற்காக ஒரு தொழிலாளியின் வேலையும் போகக் கூடாது என்ற வரி.

சங்கத்தில் யார் எழுந்து முன்மொழிவார்கள் என்பது வெளியாருக்குத் தெரியாது. அது அவர்களுக்குள் முறை வைத்து வருவது. யார் முன்மொழிந்தால் என்ன, சங்கம் கை தூக்கினால் மண்டபமே கை தூக்கும்.

ஆனாலும் அவளுக்குக் கோபம் வரவில்லை. அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. நுரைக்குள் கையை விட்டதும் நன்றிதான் முட்டிக்கொண்டு வந்தது.

நாலே பேர் என்றாலும் நாற்காலி போட்டு, மைக்கைக் கையில் கொடுத்து, கொட்டாவி விட்டுக்கொண்டாவது கேட்டார்கள். வேறு யார் கேட்டார்கள்? குப்பைமேடு பற்றி எரிந்தபோது இவர்கள் நாலு பேரும் ஊரெல்லாம் கதவைத் தட்டினார்கள். திறந்தது இந்த மண்டபத்துக்காரர்கள்தான். கேலி பேசிக்கொண்டே வந்தார்கள், ஆனால் வந்தார்கள். புகைக்குள் விடிய விடியக் கூடவே நின்றார்கள்.

கிளம்பும்போது இதையெல்லாம் அவர்களிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். அழாமல் சொல்ல முடிந்தால்.

அப்போதுதான் பக்கக் கதவு வழியாக நெட்டையர் வந்தார்.

அவர் சாய ஆலைத் தொழிலாளி, சங்கத்து ஆள். நகக்கண்ணில் என்றைக்கும் போகாத நீலம். ஆற்று விஷயத்தில் அவளுக்கு எதிராக வரிந்துகட்டிக்கொண்டு நின்ற ஆள். எங்கள் வயிற்றில் அடிக்காதீர்கள் என்று அன்றைக்கு மேஜையைக் குத்தியவர். அந்த வரியின் பின்பாதி அவர் குத்திய குத்தில் வந்ததுதான்.

கையில் ஒரு காலி டம்ளர் வைத்திருந்தார். வழக்கமாக நாற்காலிக்கு அடியில் விட்டுவிட்டுப் போகிறவர்.

வாங்கிக் கழுவிக் கவிழ்த்தாள். அவர் போகவில்லை. ஆணியில் தொங்கிய துணியை எடுத்து, அந்த டம்ளரைத் துடைக்கத் தொடங்கினார்.

"உள்ள ஆரம்பிச்சிருவாங்களே தோழர், நீங்க போகலியா?"

"ஈரமா இருக்கே," என்றார் அவர்.

தனியாக நிற்கிறாளே என்று துணைக்கு வந்திருக்கிறார் என்று அவளுக்குப் பட்டது. அந்த நினைப்பிலேயே கண் கலங்கிவிட்டது. குனிந்து அடுத்த டம்ளரைத் தேய்த்தாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் மைக் கரகரத்தது. தலைவர் தீர்மானத்தை வாசித்து முடித்தார். சங்கத்தின் சார்பில் முன்மொழிபவர் மேடைக்கு வரலாம் என்றார்.

யாரும் வரவில்லை போலிருந்தது. நாற்காலிகள் நகர்ந்தன. சலசலப்பு எழுந்தது.

இரண்டாம் முறை அழைத்தார். யாரோ வாசல் பக்கம் ஓடினார்கள். யாரோ போய்க் கழிப்பறைக் கதவைத் தட்டினார்கள்.

அவள் கையிலிருந்ததைக் கவிழ்த்துவிட்டுத் திரும்பினாள். அதற்குள் கழுவியவை எல்லாம் சமையல் திட்டில் சொட்டச் சொட்ட நின்றன. நெட்டையர் கையில் இன்னும் அந்த முதல் டம்ளர்தான் இருந்தது. அது எப்போதோ காய்ந்து பளபளத்துக்கொண்டிருந்தது. அவர் துடைப்பதை நிறுத்தவில்லை.

மூன்றாம் முறையும் அழைத்தார்கள். முறைக்காரர் வந்து முன்மொழியாவிட்டால் தீர்மானம் விழுந்துவிடும், அவருக்குப் பதில் வேறு ஆள் எழ முடியாது. அதுவும் கூட்டணியின் பழைய விதிதான்.

விழுந்தது.

மண்டபம் முழுவதற்கும் சொல்ல எடுத்து வைத்திருந்த நன்றியை, ஒரே ஒரு ஆளிடம் சொல்ல வாய் வரவில்லை. அவள் சொட்டிக்கொண்டிருந்த இன்னொரு டம்ளரை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

நடையில் சங்கத்தார் அவர் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே சமையலறைப் பக்கம் வருவது கேட்டது.

நெட்டையர் டம்ளரை வாங்கி, நிதானமாகத் துடைக்கத் தொடங்கினார்.