ஒரே மணி, இரண்டு வயது

மலையில் எடுத்த ஒரே கல்லுக்கு அமலதாஸ் இருநூற்றைம்பது கோடி ஆண்டு வயது என்றார். அவர் மனைவி ஃப்ளோரா ஐம்பத்தைந்து கோடிதான் என்றாள். ஆய்வுக்கூடத்தில் தொடங்கிய சண்டை வீடுவரை வந்துவிட்டது. நான்கு மாதமாகப் பேச்சில்லை. யாராவது ஒருவருடைய பத்து வருட உழைப்பு வீணாகத்தான் வேண்டும் என்று இருவருமே பயந்தார்கள்.

இன்று ஃப்ளோரா அந்தக் கல்லிலிருந்த, வயதைக் காட்டும் சிர்கான் என்ற கனிம மணி ஒன்றின் நடுப்பகுதியையும் ஓரத்தையும் தனித்தனியே அளந்தாள். எண்களை மூன்று முறை சரிபார்த்துவிட்டு அவர் அறைக்கு ஓடினாள்.

"என்னங்க, வந்து பாருங்க. நடுவுல நீங்க சொன்ன வயசுதான். ஓரம் மட்டும் பின்னாடி, நிலம் நெருக்கி மலை எழும்புனப்ப வளந்திருக்கு."

"ஓரம் எவ்வளவு?"

"ஐம்பத்தஞ்சு கோடி."

அவர் எழுந்து அவளோடு போய், அவள் திரையிலிருந்த எண்களைப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"நேத்து வச்ச மீன் குழம்பு நல்லா இருந்துச்சு" என்றார்.